தனுஷாவின் முதல் கேஸ்

“இந்தக் கேஸ நீங்களே பாத்துக்குங்க மேடம். என்னால முடியல” என்று கேஸ் கோப்பை மேசையில் வைத்தாள் தனுஷா. அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

கள்ளக்குறிச்சியில் அந்த மனநல ஆலோசனை மையத்தை நடத்தும் ஏஞ்சலின் கோப்பைத் தொடவில்லை.

“இன்னா ஆச்சு?”

“மூணு வாரமா வர்றாரு. டிசம்பர்ல இட ஒதுக்கீட்டுப் போராட்டத்த டிவியில காட்டுனதுலேர்ந்து தூக்கமில்லன்னு சொன்னாரு. அதோட சரி, வாயே தொறக்கல. கொரோனா மாஸ்க்கு வேற போட்டுக்கினு இருக்காரு. மூஞ்சியும் தெரியல.”

“மூஞ்சிய வுடு. எப்படி உக்காந்திருந்தாரு? உக்காந்து காட்டு.”

தனுஷா தயக்கத்தோடு நாற்காலி நுனியில் அமர்ந்தாள்.

“கால எங்க வெச்சிருந்தாரு?”

கொஞ்சம் யோசித்து, இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். அப்படியே ஒரு நிமிடம் இருந்துபார்த்தாள்.

“கால யாராவது தொட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு மேடம்.”

“அங்கேர்ந்து ஆரம்பி. நீயே பாரு.”

ஏஞ்சலின் பரதம் ஆடியவர். கல்வராயன் மலையில் ஒரு விடுதிப் பள்ளிக்கு நடனம் சொல்லித்தரப் போன இடத்தில், ஒரு வருடமாக யாரிடமும் பேசாத சிறுமி ஒருத்தி ஆடும்போது மட்டும் அழுவதைப் பார்த்தார். சலங்கையைக் கழற்றிவைத்துவிட்டு உளவியல் படிக்கப் போனது அதற்குப் பிறகுதான். அவரிடம் தொழில் பழகிய ஆறு பேர் இன்று ஆறு ஊர்களில் இதே வேலையைச் செய்கிறார்கள். தனுஷா ஏழாவது.

அடுத்த வியாழக்கிழமை தனுஷா அறையிலிருந்து வெளியே வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

“பேசிட்டாரு மேடம். எண்பத்தேழுல இதே இட ஒதுக்கீட்டுக்காக நடந்த மறியல்ல புளியமரத்த வெட்டி ரோட்டுல போட்டு, அதுமேல உக்காந்திருந்தாராம். பிரசவ வலியில துடிக்கிற ஒரு அம்மாவ வேன்ல ஏத்திக்கினு வந்திருக்காங்க. சின்னப் பொண்ணு ஒண்ணு இவரு காலப் புடிச்சிக்கினு, வழி வுடுங்கன்னு அழுதுச்சாம். உதறிட்டாரு. அந்தம்மா வேன்லியே செத்துட்டாங்க.”

ஏஞ்சலின் எழுந்து அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“நீ இன்னா சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல. அவரு அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே உக்காந்திருந்தேன். இன்னிக்குத் தூங்கிடுவேன்னு நெனைக்கிறேம்மான்னு சொல்லிட்டுப் போனாரு.”

“நல்லா பண்ணியிருக்க. அடுத்த வாரமும் வரச் சொல்லு. அவரு நல்லாவணும்.”

“ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? இவ்ளோ பெரிய கேஸ ஏன் எங்கிட்டத் தள்ளுனீங்க? நீங்க தட்டிக் கழிக்கிறீங்கன்னுகூட நெனச்சிட்டேன்.”

“போராட்டம்னு நீ சொன்னப்பவே எனக்கு ஒரு சந்தேகம். நான் உள்ள இருந்தா அவருக்காக எதுவும் கேட்டிருக்க மாட்டேன் தனுஷா. எனக்காகத்தான் கேட்டிருப்பேன்.”

தனுஷாவுக்கு அது விளங்கவில்லை. கோப்பில் எழுத உட்கார்ந்தாள். “அந்தம்மா பேருகூடத் தெரியாதுன்னு சொல்லித்தான் ரொம்ப அழுதாரு. எங்கியாவது விசாரிச்சா தெரியுமா மேடம்?”

“விசாரிக்க வேணாம்” என்றார் ஏஞ்சலின். “இஞ்ஞாசியம்மாள். எங்கம்மாதான்.”