கிகுசோவின் கடைசிக் கவிதை

கொடியில் காய்ந்துகொண்டிருந்த அச்சுப் படத்தைப் பார்த்ததும் ஓகினு துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கிட்டே ஓடினாள்.

படத்தில் இருந்தவர் நாடக நடிகர் மினாசே கிகுசோ. அவர் முகம் அச்சாகாத மாதமே ஒசாகாவில் கிடையாது. ஓகினுவின் கணவன் யசோகிச்சி அந்த முகத்தை அச்சுக்கான மரப்பலகையில் செதுக்கிச் செதுக்கியே பாதி ஆயுளைக் கழித்தவன். ஆனால் எப்போதும் பட்டும் வாளுமாக முறைத்துக்கொண்டு நிற்பவர், இதில் வெளிர்நீல உடையில் ஜெபமாலையோடு சாதுவாக உட்கார்ந்திருந்தார். இறந்துபோன நடிகர்களுக்கு மட்டும் போடுகிற இரங்கல் படம் அது. ஓரத்தில் அவருடைய கடைசிக் கவிதை:

இலை உதிர்ந்தது
நானும் உதிர்கிறேன்
ரசிகர்களே, போய் வருகிறேன்.

அதற்குக் கீழே அவர் இறந்த தேதி.

அந்தத் தேதி இன்னும் வரவில்லை. நாளை மறுநாள்தான் வரும்.

அன்று காலையில்கூட டோடோன்போரி பாலத்தின் மேல் கிகுசோ நடந்து போனதை ஓகினு பார்த்தாள். பார்த்தாள் என்ன, பின்னாலேயே கொஞ்ச தூரம் போனாள். ஊரே எதிர்க் கொட்டகையின் இளம் நடிகன் பக்கம் சாய்ந்துவிட்ட இந்த வருஷத்திலும் கிகுசோவை விடாத ரசிகை அவள். அவருடைய படங்களில் அச்சிடுவதற்கென்றே கவிதை எழுதும் ரசிகர் சங்கத்தில் அவளும் உண்டு. போன வசந்தத்தில் அவள் கவிதை, அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்தது. அந்தப் பெருமை இன்னும் அடங்கவில்லை.

படங்களை வெளியிடும் மோஹெய் வந்த சத்தம் கேட்டது. வந்தவர் யசோகிச்சியோடு பட்டறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். ஓகினு கதவில் காதை வைத்தாள்.

“பேத்தை மீன் விருந்துக்குச் சொல்லியாச்சு. விஷ மீன் தின்னு போயிட்டார்னா ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான்” என்றார் மோஹெய்.

வெளியே தெரிந்தால் கழுத்துக்கே ஆபத்து என்று யசோகிச்சி முனகினான். மோஹெய் அவனைத் தட்டிக்கொடுத்தார். மற்ற கடைக்காரர்கள் சாவுச் செய்தி கேட்ட பிறகுதான் பலகையையே தேடுவார்கள், அதற்குள் நம்முடைய படம் பாதி ஊர் கைக்குப் போய்விடும் என்றார். கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“உன் வீட்டுக்காரி காதுக்கு மட்டும் போயிடக் கூடாது. அந்த ஆளு மேல உசிரையே வச்சிருக்கா.”

தன் கணவனா இப்படி என்று ஓகினுவால் நம்பவே முடியவில்லை. மீன் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன், ஒரு படம் விற்பதற்காக இப்படி இறங்கிவிட்டானா? காவல் அதிகாரியிடம் போனால் மோஹெய் தலையோடு கணவன் தலையும் போகும். போகாவிட்டால் கிகுசோ போய்விடுவார். இரண்டு பேரில் யாரையும் விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

நேரே கிகுசோ வீட்டுக்கே போவது என்று முடிவு செய்தாள். பதற்றத்திலும் நல்ல உடையாகப் பார்த்து மாற்றிக்கொண்டாள். தலையையும் ஒருமுறை வாரிக்கொண்டாள். கொடியில் இருந்த படத்தை மடித்து இடுப்புப்பட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

கிகுசோ ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இது உயிர்ப் பிரச்சினை என்று வேலைக்காரியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்த ஓகினு, கேட்டதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். அந்த விருந்துக்குப் போகாதீர்கள் என்றாள். என் வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்றும் கெஞ்சினாள்.

கிகுசோ படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, இது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியாது என்று அவள் சொன்னதும்தான் அவருக்கு மூச்சே வந்தது.

“இந்தக் கவிதை இருக்கே, இதைப் படிச்சப்ப உங்களுக்கு அழுகை வந்துச்சா?” என்றார்.

தலைக்கு மேல் கத்தி தொங்கும்போது கேட்கிற கேள்வியா இது என்று ஓகினுவுக்குத் தோன்றியது. ஆனாலும் கேட்பவர் கிகுசோ. உள்ளதைச் சொன்னாள்.

“வரலீங்க ஐயா. அதை வச்சுத்தான் இது சதின்னே எனக்கு உறுதியாச்சு. உசிர் போற நேரத்துல யாராவது ரசிகர்களேன்னு கூப்பிடுவாங்களா? எங்க சங்கத்துல நேத்து சேர்ந்தவங்ககூட இதைவிட நல்லா எழுதுவாங்க. இது உங்க எழுத்தே இல்ல. அந்த மோஹெய்தான் கிறுக்கியிருக்கணும்.”

வாசலில் நின்ற வேலைக்காரி, கையால் வாயை மூடிக்கொண்டு அவசரமாக வெளியே போனாள்.

கிகுசோ சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். தூரிகையையும் மையையும் எடுத்து ஓகினுவின் முன்னால் வைத்தார்.

“நான் ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டு எழுதினதும்மா அது. ஊர் கதறி அழுதாத்தானே, அடுத்த மாச நாடகத்துல நான் உயிரோட வந்து நிக்கிறப்ப கொட்டகை நிறையும்? நான் சாக இன்னும் நேரமிருக்கு, நல்லதா ஒண்ணு நீங்களே எழுதிக் குடுங்க.”