ரெண்டு ஓட்டை உள்ள விளக்கு

"வீட்டுல இருக்கிறதே ஒரு போன். அதுக்கு ரெண்டு ஓட்டை எதுக்கு?" என்றார் பிழைதிருத்துநர்.

மேசை விளக்கின் அடியில் சார்ஜ் போட ஓர் ஓட்டை இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. இரண்டு இருந்தே தீர வேண்டும் என்பது மனைவியின் கட்சி. கடைக்காரர் இரண்டு விளக்குகளையும் எரியவிட்டு நடுநிலை வகித்தார்.

"மூக்குக்கு ரெண்டு ஓட்டை இருக்கே, அதைக் கேட்டீங்களா?" என்றாள் அவள்.

பிழைதிருத்துநர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "பையன் கப்பல்ல இருக்கான் தம்பி. தினம் மெசேஜ் போடுவான். அது வரலைன்னா இவ சோத்துல கை வைக்க மாட்டா. இதயம் வேற பலவீனம். போன் எப்பவும் தலைமாட்டுல உயிரோட இருக்கணும்."

"அப்ப இவங்க சொல்றதையே எடுத்துக்கங்களேன் சார்."

அவர் வாசலைப் பார்த்தார். "உங்க பலகையில 'மலிவு விலைக்கு கிடைக்கும்'னு இருக்கு. நடுவுல ஒரு 'க்' குறையுது. வேற என்ன குறையுதுன்னு பார்த்துட்டு வரேன்." அச்சகத்தை விட்டு வந்தும் தொழில் அவரை விடவில்லை.

அவர் வெளியே போன கொஞ்ச நேரத்தில் அவள் கைப்பை கிணுகிணுத்தது. போனை எடுத்துக் கடைக்காரரிடமே நீட்டினாள்.

"'அம்மா, வேளைக்குச் சாப்பிடு. மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்'," என்று அவர் வாய்விட்டுப் படித்தார். "தங்கமான பிள்ளைம்மா. என்ன அழகான தமிழ்."

"என் பையன் ஒரு ஒற்றெழுத்துகூட ஒழுங்கா போட்டதில்ல தம்பி. 'சாப்டியாமா'ன்னு எல்லாத்தையும் ஒட்டித்தான் எழுதுவான்."

வாசற்படியில் ஏறிய பிழைதிருத்துநர் அங்கேயே நின்றுவிட்டார். அவள் வாசலுக்கு முதுகைக் காட்டியபடி, விளக்கின் ஓட்டையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவன் இறந்த சேதியோட கப்பல்காரங்க பெட்டியக் கொண்டுவந்து குடுத்தப்ப, நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். அதுல இருந்த அவன் போனத்தான் அவர் ஒளிச்சு வச்சிருக்கார். மாடிப்படிக்குக் கீழ குனிஞ்சு நின்னு சார்ஜ் ஏத்துறார் பாவம், இடுப்பு வலியோட."

பிழைதிருத்துநரின் கை தானாகச் சட்டைப்பையை மூடிக்கொண்டது.

கடைக்காரர் சத்தமில்லாமல் இரண்டு ஓட்டை விளக்கை அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி, எழுதுறத நிறுத்திடுவார்."