தையல்நாயகி தோற்ற வாரம்

"அக்கா, உங்க உப்பு திருடியைப் புடிச்சுக் குடுத்துட்டுது!"

கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலிலேயே நின்று கூவினாள் எதிர் வீட்டுக் கமலா.

அஞ்சலாட்சிக்கு ஒன்றும் புரியவில்லை. டெலிபோன் ஆபீஸ் வேலை முடிந்து வந்து, அடுத்த வார அத்தியாயத்தை எழுத அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வாரப்பத்திரிகையில் வருகிறது அவள் தொடர்கதை. துப்பறியும் கதைதான், ஆனால் கொலை கிடையாது, ரத்தம் கிடையாது. தேங்காய்த்திட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் தையல்நாயகி என்பவள், காணாமல் போன ஆட்டையும் அண்டாவையும் கண்டுபிடித்துக் கொடுப்பாள். அவள் கடையில் ஓர் உப்பு ஜாடி. எதிரில் நிற்கிறவர் பொய் சொன்னால் உப்பு கசியும். மந்திரம் அவ்வளவுதான். அதற்கே அவள் குடியிருக்கும் உப்பளம் பேட்டை முழுக்க வாசகர்கள்.

"எந்தத் திருடி?"

"வேற யாரு, நம்ம சின்னக்கண்ணுதான். பொண்ணை ஊருக்கு வண்டியேத்திட்டு வந்து பாத்தா, என் கல்லு மூக்குத்தியைக் காணோம்னு சொன்னேன்ல? சமையக்கட்டு ஜாடியைக் கொண்டாந்து அவ முன்னால வெச்சேன். தையல்நாயகி மாதிரியே குடைஞ்சு குடைஞ்சு கேட்டேன். பொலபொலன்னு இருந்த உப்பு, பேசப் பேச சொதசொதன்னு ஆயிடுச்சுக்கா! வேலைக்கு வராதேடின்னுட்டேன். டீச்சரம்மா வீட்லயும் நிறுத்திட்டாங்க. மருந்துக்கடைக்காரர் வீட்லயும் சொல்லிட்டேன்."

அஞ்சலாட்சி எழுதுவதை விட்டு எழுந்து வந்தாள்.

"அடிப்பாவி, அது கதைடி! கடல்காத்து அடிச்சா எல்லார் வீட்டு உப்பும்தான் கசியும்."

"பெரிய எழுத்தாளருங்கல்லாம் இப்படித்தான் அடக்கமாப் பேசுவாங்க" என்று சிரித்தாள் கமலா. பழத்தை வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள்.

பாத்திரம் தேய்த்துப் பிழைக்கிறவள் சின்னக்கண்ணு. திருடி என்று பேர் வந்துவிட்டால் இந்தத் தெருவில் எந்த வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கும்?

மறுநாளும் போய்ச் சொல்லிப் பார்த்தாள் அஞ்சலாட்சி. கமலா மசியவில்லை. எழுதுகிறவள் சொன்னால் அவள் கேட்கப்போவதில்லை. தையல்நாயகி சொன்னால்தான் கேட்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். உப்பு கசிகிறது, தையல்நாயகி ஒரு பூக்காரியைத் திருடி என்கிறாள், தொலைந்த சங்கிலி காக்கைக் கூட்டில் கிடைக்கிறது. தையல்நாயகி பூக்காரி வீட்டு வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்டு, உப்பையெல்லாம் ஆற்றில் கொட்டிவிடுகிறாள்.

எதை எழுதினாலும் முதலில் படிப்பவர் அவள் புருஷன் கலியபெருமாள். மில் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், படித்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு என்ன ஆச்சு? துப்பறியறவளே தப்பாக் கண்டுபிடிச்சா எவன் படிப்பான்? அதுக்குத்தான் போலீஸ் இருக்கே!"

"ஒருத்தி படிச்சாப் போதும்" என்று விஷயத்தைச் சொன்னாள்.

"மெர்சி மதாம்!" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கும்பிடு போட்டார். " அந்த ஒருத்திக்காக ஊரையே தொலைக்கப் போறே."

தொலைத்தாள்தான். அத்தியாயம் வந்ததும் பத்திரிகை ஆசிரியர் ட்ரங்க்கால் போட்டுக் கத்தினார்: "உப்பையே கொட்டிட்டா இனிமே எதை வெச்சும்மா கதையை ஓட்டறது?" அடுத்த இதழோடு தொடரை முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வசவுக் கடிதங்கள் குவிந்தன. 'தையல்நாயகிக்குக் கண்ணாடி போட வேண்டிய வயசாகிவிட்டதா?' என்று கேட்டிருந்தார் வில்லியனூர் வாசகர் ஒருவர்.

ஆனால் அத்தியாயம் வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே, கண்ணெல்லாம் வீங்கிப்போய் வந்து நின்றாள் கமலா.

"தையல்நாயகியே தப்பு பண்ணியிருக்கா. நான் எம்மாத்திரம்க்கா?"

அதே வேகத்தில் சின்னக்கண்ணு வீட்டுக்குப் போனாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தன் வாயாலேயே வீடு வீடாகச் சொல்லி, எல்லா இடத்திலும் மறுபடி வேலைக்குச் சேர்த்துவிட்டாள்.

திங்கட்கிழமை அஞ்சலாட்சியின் கொல்லைப் பக்கம் வந்தாள் சின்னக்கண்ணு. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"எனக்காகத்தான் கதையைக் கெடுத்துக்கிட்டீங்களாமே. உங்க வீட்டு சார் சொன்னாரு."

"கதை போனாப் போவுது, விடு. ஈரக்காத்துக்குக் கசிஞ்ச உப்பு. அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

சின்னக்கண்ணு எதிர் வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"காத்து இல்லம்மா. உங்ககிட்ட மறைக்க மனசு வரல. 'நீ எடுத்தியாடி'ன்னு கேட்டாங்க. இல்லேன்னேன். உப்பு அது பாட்டுக்குக் கெடந்துச்சு. 'அப்ப யாரு எடுத்தான்னு உனக்குத் தெரியுமா'ன்னாங்க. தெரியாதுன்னேன். அப்பத்தாம்மா கசிஞ்சுது."

அஞ்சலாட்சி கிட்டே வந்தாள். அவளும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தெரிஞ்சிருந்துமா திருடிப் பட்டத்தை வாங்கிக்கிட்டே? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எப்படிம்மா சொல்றது? எனக்கு இந்தத் தெரு போனா இன்னொரு தெரு கெடைக்கும். பெத்த பொண்ணுதான் எடுத்துக்கிட்டுப் போச்சுன்னு தெரிஞ்சா, கமலாம்மாவுக்கு இன்னொரு பொண்ணா கெடைக்கும்?"