செம்பு வாஷர்

“சாயங்காலத்துக்குள்ள வண்டி கிளம்பியாகணும். அந்தச் சின்ன ஸ்பேனரை எடு” என்று இன்ஜினுக்குள் தலையை விட்டபடியே கையை மட்டும் பின்னால் நீட்டினான் லாரி டிரைவர்.

அவன் மனைவி எடுத்துக் கொடுத்தாள். வாரக்கணக்கில் எங்கெங்கோ சுற்றிவிட்டு நேற்றுத்தான் வீடு வந்திருந்தான். வரும்போதே லாரி இருமிக்கொண்டுதான் வந்தது. தண்ணீர் கலந்த டீசலை எவனோ தலையில் கட்டியிருக்கிறான். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் அத்தனையும் காலி.

முதலாளி புது இன்ஜெக்டர்களை அனுப்பினார். மெக்கானிக்கை அனுப்பவில்லை. “உனக்குத் தெரியாத வேலையாப்பா?” என்று ஐஸ் வைத்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இன்ஜெக்டரைப் பிடுங்குவதற்கென்றே இருக்கும் கருவி ஒர்க்‌ஷாப்பில்தான் கிடைக்கும். இவனிடம் இருந்ததெல்லாம் டயர் கழற்றும் லிவர், ஒரு மரக்கட்டை, தேய்ந்த ஸ்பேனர்கள். பிறகு அவள்.

காலையிலேயே கேபினில் கிடந்த பாய், தலையணை, சட்டைகள், முகம் பார்க்கும் கண்ணாடி வரை எல்லாவற்றையும் இறக்கி வாசலில் குவித்துவிட்டான். இதைத் துவைத்துக் காயப்போடுவதும் தன் தலையில்தான் என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

மற்ற பழைய இன்ஜெக்டர்கள் ஒருவழியாகக் கழன்று வந்துவிட்டன. கடைசி ஒன்று மட்டும் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, ஸ்பேனரால் இப்படியும் அப்படியும் திருகினான். கட்டையை அண்டக்கொடுத்து லிவரால் நெம்பினான். லிவர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

“ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு, இது ஒண்ணை மட்டும் பழசையே விட்டுட்டா என்னங்க?”

“மலைப்பாதை இறக்கத்துல நின்னுச்சுன்னா, ஓட்டுற மனுஷன் கதி என்னாகும்?”

மறுபடி நெம்பினான். “போன நடையில கண்ணு சொருகிடுச்சு” என்றான், அவளைப் பார்க்காமல், லிவரிடம் சொல்வதுபோல. “முழிச்சுப் பார்த்தா எதிர்ல ஒரு சைக்கிள்காரர். எப்படித் திருப்பினேன்னு இன்னும் தெரியல.”

அவள் பிடித்திருந்த டார்ச் இன்ஜினை விட்டு அவன் முகத்துக்குத் திரும்பியது. “இதுக்கப்புறமும் போகணுமா?”

“லைட்டைச் சரியாப் பிடி.”

எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டாள். அழுதும் பார்த்துவிட்டாள். அப்பா ஊரிலிருந்து வந்தால் மற்ற பிள்ளைகள் என்ன வாங்கி வந்தாய் என்று கேட்கும். அவர்கள் மகள், இன்று பள்ளிக்குக் கிளம்பும்போதும், “எப்பப்பா போவே?” என்றுதான் கேட்டாள்.

‘டக்’கென்று சத்தம் கேட்டது. கரி பிடித்த இன்ஜெக்டர் கையோடு வந்துவிட்டது. குழிக்குள் ஒட்டியிருந்த பழைய வாஷரைக் கம்பியால் நோண்டி எடுத்தான். துணி சுற்றிய குச்சியை விட்டுக் குழியைத் துடைத்தான்.

“வாஷர்.”

உருண்டு போய்விடக் கூடாதென்று புது வாஷர்களை அவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தான். கடைசி செம்பு வாஷர் அவள் உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்தது. அது இல்லாமல் இன்ஜெக்டர் உட்காராது. இந்த ஊர்க் கடைகளில் அது கிடைக்கவும் கிடைக்காது.

ரெண்டடி தள்ளிச் சாக்கடை ஓடியது. கை தவறிவிட்டது என்று சொன்னால் நம்பிவிடுவான். இன்னொன்று வந்து சேரும் வரையாவது மனுஷன் வீட்டில் கிடந்து தூங்குவான்.

“எங்கே?” என்று திரும்பினான். கண் ரெண்டும் பழமாய்ச் சிவந்திருந்தன. முட்டியில் ரத்தமும் கிரீஸும் ஒன்றாகக் காய்ந்திருந்தன. இத்தனை பாடுபட்டவனை ஏமாற்ற அவளுக்கு மனசு வரவில்லை. உள்ளங்கையைத் திறந்து வாஷரை நீட்டினாள்.

வாஷரில் கிரீஸ் தடவி ஒட்டவைத்து, இன்ஜெக்டரை இறக்கி, பைப்புகளை மாட்டினான். அவனே ஏறிச் சாவியைத் திருகினான். ரெண்டு மூன்று முறை முக்கிவிட்டு, புகையைக் கக்கி, லாரி சீராக உறுமத் தொடங்கியது.

அவள் வாசலுக்குப் போய்ச் சட்டைகளை அள்ளினாள். “துவைக்க நேரமில்ல. வேற சட்டை எடுத்து வைக்கட்டுமா?”

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. முதலாளியின் குரல் அவள் நின்ற இடம் வரை கேட்டது. “என்னப்பா ஆச்சா? லோடு காத்துக் கிடக்கு!”

அவன் இன்ஜினை அணைத்துச் சாவியை உருவினான்.

“வண்டி ரெடி முதலாளி. ஓட்டுறதுக்கு வேற ஆளை அனுப்புங்க.”