குண்டூசி குத்தக் கூடாது

"அந்த அரக்குப் பொடவைல மட்டும் நெருப்பு வெக்காதம்மா."

தீக்குச்சியைக் கிழிக்கப் போன ஜாக்குலின் நிமிர்ந்து பார்த்தாள். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கேசவனுக்கு ஃபேன் காற்றிலும் வேர்த்துக் கொட்டியது.

மறைமலைநகரில் கார் பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் அவர். இன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, மனைவி வசந்தா கொடுத்தனுப்பிய பையோடு திருக்கழுக்குன்றத்திலிருந்து வண்டியில் வந்திருந்தார். பையில் நான்கு பட்டுப் புடவைகள்.

புதுப்பட்டினம் மார்க்கெட் தெருவில் இருக்கிறது ஜாக்குலினின் தையல் கடை. பழைய பட்டுப் புடவைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துப் போர்வை தைப்பாள். முதலில் மாமல்லபுரம் வரும் வெள்ளைக்காரர்கள்தான் வாங்கினார்கள். இப்போது உள்ளூர்க்காரர்களும் வீட்டுப் புடவையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

பட்டு லேசில் வழிக்கு வராது. வெட்டினால் ஓரம் பிரியும், தைத்தால் நழுவும். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஒட்டுத்துணி வைத்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஒட்டினால்தான் அடங்கும். குண்டூசி குத்தவே கூடாது. குத்தினால் ஓட்டை அப்படியே நின்றுவிடும். எந்தப் புடவையை எங்கே வைக்க வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்புவதாக வசந்தா போனில் சொன்னபோதுகூட, "நூல்ல கட்டுங்கக்கா, குண்டூசி மட்டும் வேணாம்" என்று ஜாக்குலின் மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

"சும்மா ஒரே ஒரு நூலுண்ணா" என்றாள் ஜாக்குலின். "எரிச்சா முடி கருகுற நாத்தம் வந்தா பட்டு. உருகி உருண்டையானா டூப்பு. டூப்பு மேல சூடா இஸ்திரி வெச்சா பொட்டில ஒட்டிக்கும், அதுக்குத்தான். இது கூறைப் பொடவ, காஞ்சிபுரம்னு அக்காவே சொன்னாங்களே. இதுக்குப் போயி இன்னாத்துக்கு பயப்படறீங்க?"

கேசவன் ஒருமுறை வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"அது டூப்புமா."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. இருபத்தெட்டு வருஷமாக அடைத்து வைத்திருந்தது எல்லாம் ஜாக்குலினின் தையல் மிஷின் முன்னால் வந்து விழுந்தது. கல்யாணத்தின்போது அவர் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தாராம். கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டியது. கையில் இருந்ததற்கு செங்கல்பட்டில் இதுதான் கிடைத்தது. கூட வேலை செய்தவன் வீட்டிலிருந்து காஞ்சிபுரம் கடைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்குள் வைத்துக் கொடுத்துவிட்டார்.

"பெட்டி மட்டும் காஞ்சிபுரமா?" ஜாக்குலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதம்மா. ஆட்டோல மைக்கு கட்டிக்கினு பழைய பட்டு வாங்க வருவான் பாரு, அந்தச் சத்தம் கேட்டாலே நான் பீரோகிட்டப் போயி நின்னுக்குவேன். வசந்தா எல்லாப் பொடவையும் எடுத்துக் காட்டுவா. இத மட்டும் பீரோவ வுட்டு எடுக்க மாட்டா. அவ்ளோ உசிரு அது மேல."

போன மாதம் இன்னொரு கண்டம் வந்ததாம். மகள் ஜெயப்பிரியா தன் ரிசப்ஷனுக்கு அம்மாவின் கூறைப் புடவையைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அதற்கு முன்னால் காஞ்சிபுரத்தில் கொடுத்து பாலிஷ் போடவேண்டும் என்றாள். கடைக்காரன் கையில் எடுத்ததுமே டூப்பு என்று சொல்லிவிடுவான். கேசவனுக்கு நாஸ்தாகூட இறங்கவில்லை. நல்லவேளையாக வசந்தாவே குறுக்கே வந்து, நாலு புடவையையும் வெட்டிப் போர்வையாகத் தைத்துத் தருகிறேன், கல்யாணமாகிப் பூனாவுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போ என்று மகள் வாயை அடைத்துவிட்டாள்.

"மலை மேல போயி சாமிக்குக் கற்பூரம் ஏத்திட்டு வந்தேன். இங்க வந்தா நீ தீப்பெட்டிய எடுக்குற."

"சரி, வுடுங்கண்ணா. மேல துணி போட்டு, சூட்டக் கொறச்சி ஒட்டிக்கிறேன். அக்காவுக்கு நான் சொல்ல மாட்டேன்."

"ஏசு மேல சத்தியமா?"

"இதுக்கெல்லாம் அவர இழுக்காதீங்க. சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்."

கேசவன் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அந்தத் துண்டுகளை மூலையில் எங்கேயாவது யார் கையும் படாத இடத்தில் வைத்துத் தைக்கச் சொன்னார். "தெரிஞ்சா தாங்க மாட்டாம்மா, பாவம்" என்றார். வண்டியைக் கிளப்பும்போது அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

ஜாக்குலின் புடவைகளைப் பிரித்து மேஜையில் போட்டாள். மயில் கழுத்து நிறம், மாம்பழ மஞ்சள், இலைப் பச்சை. மூன்றிலும் உள்மடிப்பில் வசந்தாவின் சீட்டு, சொன்னபடியே நூலில் கட்டியிருந்தது. அரக்குப் புடவையைப் பிரித்தவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அத்தனை தடவை சொல்லியும், இதில் மட்டும் சீட்டை நட்டநடு உடம்பில் குண்டூசியால் குத்தியிருந்தாள் அந்த அக்கா.

ஊசியைப் பிடுங்கிவிட்டுப் படித்தாள்.

"ஜாக்குலின், அவரு பக்கத்துல இருந்ததால போன்ல காஞ்சிபுரம்னு சொன்னேன், இது நைலான். கல்யாணமாகி மூணாம் மாசமே இஸ்திரி போட்டப்ப ஓரம் உருகிடிச்சி. சூடு கம்மியா வெச்சிக்கோ, ஆனா நட்டநடுவுல பெருசா வெச்சித் தை. அந்தக் காலத்துலயே எவனோ கடைக்காரன் எங்க வூட்டுக்காரர நல்லா ஏமாத்திட்டான். அவருக்கு இன்னும் தெரியாது, தெரிஞ்சா தாங்க மாட்டாரு, பாவம்."