இரண்டாவது ஆள்

விவாகரத்து ஆன பிறகும் ஜெபசிங்கும் ஹெப்சியும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்வார்கள். அந்த மாதம் விளையாடி முடித்த வீடியோ கேம்களைப் பற்றி மட்டும். வேறு எதைத் தொட்டாலும் சண்டை வந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

இந்த முறை அவன் குரலில் அவசரம் இருந்தது. "நம்ம பழைய கேசட் கேம் ஞாபகம் இருக்கா? காட்டுக்குள்ள ரெண்டு பேரும் சேந்து போறது. முடிச்சிட்டேன்."

"அதுக்கு ரெண்டு பேர் வேணுமே?"

"நானேதான். உன் ஆளைக் கொஞ்சம் நகத்துவேன், அப்புறம் ஜாய்ஸ்டிக்கை மாத்தி எடுத்து என் ஆளை நகத்துவேன். பதினோரு நாள் ஆச்சு. கடைசியில ரெண்டு பேரும் ஒண்ணா படகுல குதிக்கணும். உன்னோடதைக் கால் கட்டைவிரலால அமுக்கினேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவனுக்கு நாளாகியிருந்தது. அதில் தைரியம் வந்து சொன்னான்: "என் ஆள் முன்னாடி ஓடினா திரை நகந்து பின்னாடி நிக்கிற உன் ஆள் செத்துப்போகுது, ஹெப்சி. அப்பவே நீ எத்தனை தடவை சொன்னே. உனக்கு ஆடத் தெரியலைன்னுதான் நான் நெனச்சேன்."

அவனே பேச்சை மாற்றினான்.

"சரி, நீ என்ன முடிச்சே?"

"புதுசா வந்தது ஒண்ணு. பனிமலை ஏறணும். நேத்துதான் முடிச்சோம்."

முடிச்சோம் என்றாள். யாரோடு என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. "ரொம்பக் கஷ்டமா?" என்று மட்டும் கேட்டான்.

"இல்லங்க," என்றாள் மெதுவாக. "அவரு ஒவ்வொரு திருப்பத்துலயும் எனக்காக நின்னாரு."