பாம்பெர்க்கில் ஒரு முழங்கால்

ரயிலை விட்டு இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பாம்பெர்க் ஆற்றுப் பாலத்தில் ரெனாட்டே வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்.”

கிசேலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக் காலத் தோழர்கள் மூவரும் ஊர் சுற்ற ஒரு மாதமாகத் திட்டம் போட்டவள் அவள்.

“போன வாரம் காட்டுக்குள்ள பத்து கிலோமீட்டர் நடந்தியே, அப்ப இந்த முழங்கால் எங்கடி போச்சு?”

“விடு கிசேலா,” என்று லோதார் பெஞ்சில் உட்கார்ந்தான். “தேவாலயம் எண்ணூறு வருஷமா நிக்குது. இன்னிக்கா ஓடிடப்போகுது?”

மதியம் புகை மணக்கும் பீரும் தொத்திறைச்சியும் உள்ளே போன பிறகும் ரெனாட்டே இடது காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தாள். தேவாலயக் குன்று ஏறுவதற்குள் நான்கு முறை உட்கார்ந்தாள். மேலே போனபோது கிசேலா பார்க்க நினைத்திருந்த ரோஜாத் தோட்டத்தைப் பூட்டிவிட்டார்கள்.

லோதார் தண்ணீர் வாங்கப் போன சமயம் கிசேலா வெடித்தாள். “முடியலைன்னா வீட்டிலயே கிடந்திருக்கலாம்ல?”

“கத்தாதடி. என் காலுக்கு ஒரு கேடும் இல்ல. அவனுக்கு இதய ஆபரேஷன் ஆகி மூணு மாசம்தான் ஆகுது. மூச்சு முட்டினாலும் உக்காரலாம்னு அவன் வாயால சொல்வானா?”

கிசேலா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாலை ரயிலில் ஏறும்போது லோதார் ரெனாட்டேவுக்குக் கைகொடுத்தான். அவன் சொன்னது பின்னால் நின்ற கிசேலாவின் காதிலும் விழுந்தது.

“ரொம்ப நன்றி, ரெனாட்டே. ஆனா அடுத்த தடவை ஒரே கால்ல நொண்டு. பீர் குடிச்சதும் இடது காலுக்கு மாறிட்ட.”